மூன்று மணி நேரச் சுற்று: பினாங்கில் ஒரு தாயின் பாலூட்டல், தூக்கம், மனச்சோர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வுக்குரிய பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் யாரென்று தெரியாமல் இருப்பதற்காகக் குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 29. முதல் குழந்தை. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன் வேலை. வீடு கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மாமியார் கூடவே இருக்கிறார். பெற்ற தாய் தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது.

பிரசவமாகி ஆறாவது வாரம் என் கிளினிக்குக்கு வந்தார். தனக்காக வரவில்லை. "பாப்பாவுக்கு வெயிட் சரியா ஏறுதான்னு பாருங்க டாக்டர்" என்றார். தராசில் 3.85 கிலோ. பிறந்தபோது 2.94. நல்ல வளர்ச்சி, கவலையே வேண்டாம் என்று சொன்னேன். இதைக் கேட்டால் எந்த அம்மாவுக்கும் முகம் கொஞ்சம் தெளியும். இவருக்குத் தெளியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எடையை எழுதிக்கொண்டு, "அப்ப இனிமே எத்தனை எம்எல் கூட்டணும்?" என்று கேட்டார்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு எட்டு வரி. நேரம், இடது எத்தனை நிமிடம், வலது எத்தனை நிமிடம், புட்டியில் எவ்வளவு, பம்ப்பில் எவ்வளவு. முதல் வாரத்தில் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. ஐந்தாவது வாரத்தில் எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது. சில இடங்களில் பேனா நீளமாக இழுபட்டுப் பக்கத்தின் ஓரம் வரை போயிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியிருக்கிறது. ஆனால் அதிகாலை வரி ஒன்றுகூட விடுபடவில்லை. பம்ப் கணக்கு மட்டும் சிவப்புப் பேனாவில். 25, 30, 20, 35.

குழந்தையை மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், கொடுத்துவிட்டு, "நீங்க எப்படிம்மா இருக்கீங்க? பாப்பா தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படுத்தாலும் வரல டாக்டர். கண்ணை மூடினா பம்ப் சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார்.

பிரசவத்திற்குப் பின் தூக்கம் கெடாத வீடு இல்லை. அதனால் "தூக்கம் இல்லை" என்று ஒரு தாய் சொன்னால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தூங்க நேரமே கிடைக்காதது ஒன்று; நேரம் கிடைத்தும், குழந்தை அயர்ந்து தூங்கும்போதும், தாய்க்குத் தூக்கம் பிடிக்காதது வேறொன்று. இரண்டாவதைக் கேட்டால் மனச்சோர்வை விசாரிக்காமல் அனுப்பக்கூடாது.

எப்படி ஆரம்பித்தது

39 வாரத்தில் வலி எடுத்து, பிரசவம் முன்னேறாமல், அவசர அறுவை சிகிச்சை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பால் இறங்கச் சில நாள் தாமதமாவது சகஜம். ஐந்தாம் நாள் குழந்தையின் எடை 2.66 கிலோ. பிறந்த எடையில் ஏறத்தாழ ஒன்பதரை சதவீதம் குறைந்திருந்தது. பத்து சதவீதத்தை நெருங்கினால் மருத்துவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. கூடவே மஞ்சள் காமாலை. இரண்டு நாள் குழந்தையை நீல விளக்கின் கீழ் வைத்தார்கள்.

அப்போது அவருக்கு ஒரு திட்டம் சொல்லி அனுப்பினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முதலில் மார்பில் போட வேண்டும். பிறகு புட்டியில் மேல்பால் (மார்பில் குடித்ததற்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் பால்) கொடுக்க வேண்டும். பிறகு பால் சுரப்பைத் தூண்ட பம்ப் வைக்க வேண்டும். எடை இறங்கிய குழந்தைக்கு இது சரியான திட்டம். குழந்தை பிழைத்துத் தேறியதும் இதனால்தான். ஆனால் இது சில நாளுக்கான திட்டம். எப்போது நிறுத்தலாம் என்று அவருக்கு வழங்கிய தாளில் ஒரு வரி இல்லை. பதினான்காம் நாள் குழந்தை பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டது. திட்டம் மட்டும் ஆறாவது வாரம் வரை நடந்துகொண்டே இருந்தது.

ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மார்பில் 40 நிமிடம். புட்டிக்கு 25. பம்ப் 20. பம்ப் உதிரிகளைக் கழுவி, ஆவியில் வைத்து எடுக்க 15. மொத்தம் 100 நிமிடம். மூன்று மணி நேரத்தில் மிச்சம் 80 நிமிடம். ஒரு முழுத் தூக்கச் சுற்றுக்கே ஏறத்தாழ 90 நிமிடம் வேண்டும். இந்த 80 நிமிடத்துக்குள்தான் அவர் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும், அழுதால் தூக்க வேண்டும், அப்புறம் தூங்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டுச் சுற்று. 13 மணி 20 நிமிடம் பாலுக்கே போகிறது. இதை ஒரு தொழிலாளிக்கு ஷிப்டாகப் போட்டுக் கொடுத்தால் எந்தத் தொழிற்சங்கமும் ஒத்துக்கொள்ளாது. இங்கே அதை ஐந்து வாரம், வயிற்றில் தையலோடு, ஒரு நாள் விடுப்பில்லாமல் ஒரு பெண் செய்திருக்கிறார்.

கணவருக்குத் தந்தையர் விடுப்பு 7 நாள். அதில் இரண்டு நாள் குழந்தை வார்டில் இருந்தபோதே போய்விட்டது. சமுதாயத் தாதியர் வீட்டுக்கு வந்து தையலையும் குழந்தையின் கண் மஞ்சளையும் நன்றாகவே பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நோட்டை அவர் யாரிடமும் காட்டவில்லை.

பரிசோதனை

பிரசவத்திற்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலைக் கொடுத்தேன். 1987-ல் உருவானது, பத்துக் கேள்விகள், கடந்த 7 நாளைப் பற்றியவை, மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். இவருக்கு 17. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. "மிக அரிதாக" என்பதை வட்டமிட்டிருந்தார். மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பூஜ்யம் இல்லாவிட்டால் உடனே, நேராகக் கேட்க வேண்டும். கேட்டேன். "நான் இல்லாட்டி பாப்பா டின் பால் குடிச்சு நல்லாத்தான் வளரும்னு தோணும் டாக்டர்." திட்டமோ முயற்சியோ இல்லை. குழந்தையைப் பற்றி அப்படிப்பட்ட எண்ணம் இல்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவில் பலமுறை எழுந்து விரலை மூக்கருகில் வைத்துப் பார்க்கிறார்.

இன்னும் இரண்டை ஒதுக்க வேண்டியிருந்தது. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போன காலம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ நோய் (பைபோலார்) உண்டா என்று விசாரித்தேன்; இல்லை. பிரசவத்திற்குப் பிந்தைய மனப்பிறழ்வின் அடையாளங்களும் இல்லை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது அது. பல நாள் தூங்காமலும் களைப்பே தெரியாது. பேச்சு சம்பந்தமில்லாமல் போகும். இல்லாத குரல் கேட்கும். குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள் வரும். அப்படி இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். காத்துக் கறுப்பு என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாளை வீணாக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் உயிர் போகலாம்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8. இரும்புச் சத்தும் குறைவு. பிரசவத்திற்குப் பின் தைராய்டு கோளாறு மனச்சோர்வு மாதிரியே வேடம் போடும். பார்த்தேன், அது சரியாக இருந்தது.

ஆராய்ச்சிகள் சொல்வது

இவரைப் போன்றவரிடம் சுற்றியிருப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, "பேசாம பால்மாவு கொடுத்துட்டுத் தூங்கு". இல்லையென்றால், "தாய்ப்பாலை விட்டுடாதே, பல்லைக் கடிச்சுக்க". எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

பால்மாவுக்கு மாறினால் தூக்கம் கிடைத்துவிடும் என்பது அவ்வளவு உறுதியான விஷயமில்லை. 2007-ல் தோன் என்பவரின் குழு, மூன்று மாதக் குழந்தைகளின் பெற்றோரை ஆராய்ந்தது. இரவில் தாய்ப்பால் மட்டும் கொடுத்த வீடுகளில் பெற்றோர் 40 முதல் 45 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். 2010-ல் மாண்ட்கோமரி-டவுன்ஸ் குழு தாய்மாரின் கையில் கருவி கட்டி அளந்தபோது தாய்ப்பால், புட்டிப்பால், இரண்டும் கலந்தது ஆகிய மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2011-ல் கெண்டல்-டாக்கெட் குழு 59 நாடுகளிலிருந்து 6,410 தாய்மாரைக் கேட்டது. தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் கூடுதலாகத் தூங்கினார்கள், மனச்சோர்வும் அவர்களிடம் குறைவு. இரண்டும் கலந்து கொடுத்தவர்களின் நிலை, பால்மாவு மட்டும் கொடுத்தவர்களின் நிலையைப் போலவே இருந்தது. இது தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களிடம் எடுத்த கணக்கு. நன்றாகப் பாலூட்ட முடிந்தவர்களே அதிகம் பதில் சொல்லியிருக்கலாம். மனம் சோர்ந்ததால் பாலூட்டல் நின்றதா, பாலூட்டல் நின்றதால் மனம் சோர்ந்ததா என்பதையும் இதை வைத்துப் பிரிக்க முடியாது.

என் மேசைக்கு மிக அருகில் வருவது 2015-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு. போரா என்பவரும் சகாக்களும், பிரிஸ்டல் வட்டாரத்தில் ஏறத்தாழ 14,000 பிரசவங்களைத் தொடர்ந்த தரவுகளை வைத்து ஒன்றைக் கவனித்தார்கள். கர்ப்பத்தின்போதே ஒவ்வொரு பெண்ணும் தாய்ப்பால் கொடுக்க நினைத்திருந்தாளா என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். தாய்ப்பால் கொடுக்க விரும்பி, கொடுக்கவும் முடிந்தவர்களிடம் மனச்சோர்வு மிகக் குறைவு. விரும்பியும் முடியாமல் போனவர்களிடம் மிக அதிகம். என் நோயாளி ஏழாம் மாதத்திலேயே பாலூட்டல் வகுப்புக்குப் போனவர். அவரிடம் "விட்டுடு" என்று சொல்வது, அவர் மிகவும் பயந்த இடத்திலேயே கொண்டுபோய்த் தள்ளுவதாகும்.

ஆக, மார்பா புட்டியா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அவருக்கு ஒரே மூச்சில் எத்தனை மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது என்பது. மொத்தத் தூக்கத்தை எண்ணினால் அவருக்கும் ஐந்து மணி நேரம் வரும். ஆறு துண்டாக நறுக்கிய ஐந்து மணி நேரம் அது.

மாமியார்

அடுத்த வருகைக்கு மாமியாரையும் கணவரையும் சேர்த்து வரச் சொன்னேன். மாமியார் அறுபதைத் தாண்டியவர். மருமகளுக்குப் பத்தியம் ஒரு குறையும் வைக்கவில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, லேகியம், தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போடுவது எல்லாம் நேரத்துக்கு நடந்தது. ஆனால் குழந்தை அழும்போதெல்லாம் "பால் பத்தல போல" என்பார். பகலில் கண்ணயர்ந்தால், "பகல்ல தூங்கினா உடம்புல நீர் கோத்துக்கும், எழுந்திரு" என்பார். நல்ல மனதோடு சொன்னதுதான். இரவெல்லாம் விழித்திருந்த பெண்ணுக்குப் பகல் கதவும் அதனால் அடைபட்டுப் போனது.

அவரிடம் குற்றம் சொல்லும் தொனியே வராமல் கேட்டேன்: "அம்மா, நீங்க பிள்ளை பெத்தப்ப ராத்திரியில யார் பார்த்துக்கிட்டாங்க?"

கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தவர். யோசிக்காமல் சொன்னார். "எங்கம்மாதான். பிள்ளையை அவங்க பக்கத்துல போட்டுக்குவாங்க. பால் குடிக்க மட்டும் எங்கிட்ட கொண்டாந்து போடுவாங்க. குடிச்சதும் எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. நான் எங்க டாக்டர் முழிச்சேன், தூங்கிக்கிட்டேதான் கொடுப்பேன்."

சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தார். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அம்மா இல்லாத வீடு அது என்பது அந்த நிமிடம்தான் எல்லாருக்கும் உறைத்தது என்று நினைக்கிறேன். "ஏன்டி எங்கிட்ட சொல்லல, நான் சும்மாதானே பதினோரு மணி வரைக்கும் சீரியல் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றார் மாமியார். எங்கள் சிகிச்சைத் திட்டத்தின் பெரும்பகுதி அவருடைய அந்த வாக்கியத்திலிருந்து வந்தது.

சிகிச்சை

முதலில், ஒவ்வொரு வேளையும் மேல்பாலும் பம்ப்பும் என்பதை நிறுத்தினோம். எடை ஏறிவிட்ட குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் மேல்பால் தேவையில்லை. பம்ப்பில் வரும் அளவு மார்பில் சுரக்கும் அளவைக் காட்டாது. நன்றாகக் கவ்வும் குழந்தை பம்ப்பைவிட அதிகமாகவே இழுக்கும். தாய்ப்பால் ஆலோசகராகப் பயிற்சி பெற்ற மிஸ்ஸி ஒருவர், குழந்தை காம்பை நுனியில் மட்டும் பிடிப்பதைக் கவனித்தார். தையல் வலிக்குப் பயந்து தாய் உடம்பைத் தள்ளி வைத்தே பால் கொடுத்திருக்கிறார். ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கக் கற்றுக்கொடுத்ததும் 40 நிமிடம் 20 ஆகக் குறைந்தது. பாதி கவலை அந்த அறையிலேயே போயிற்று என்று மிஸ்ஸி சொன்னார்.

அடுத்து இரவு. ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவர் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். இரண்டு மணி வரை குழந்தை மாமியார் பொறுப்பு, கணவர் வீட்டில் இருக்கும் நாளில் கணவர் பொறுப்பு. பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு புட்டி. பகலில் எடுத்து வைத்த பால் இருந்தால் அது, இல்லாவிட்டால் பால்மாவு. இரண்டு மணிக்குப் பிறகு அம்மா. தனி அறை முக்கியம். ஒரே அறையில் இன்னொருவர் புட்டி கொடுத்தால் தாய் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பாள்.

பால் குறைந்துவிடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். முதல் சில வாரங்களில் இரவுப் பாலை விடச் சொல்ல நான் தயங்குவேன். ஆறு வாரமானபின், மற்ற வேளைகளில் குழந்தை நன்றாகக் குடித்தால், ஒரேயொரு ஐந்து மணி இடைவெளியைப் பெரும்பாலான தாய்மாரின் உடம்பு தாங்கிக்கொள்ளும். மார்பு கட்டினால் கையால் கொஞ்சம் பீய்ச்சி விடலாம், முழுவதும் காலி செய்ய வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கில் துணி கட்டித் தொங்கவிடும் சாரோங் தொட்டிலைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. ஸ்பிரிங் தொட்டிலில் போட்டு ஆட்டுவது பெரியவர் கண் முன்னே இருக்கும்வரைதான். அவர் படுக்கப்போகும்போது குழந்தையைச் சமமான, கெட்டியான மெத்தையில், தனியாக, மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். களைத்துப்போன யாரும் சோபாவில் குழந்தையோடு சாயக்கூடாது. அது கட்டிலைவிட ஆபத்து.

17 மதிப்பெண்ணைத் தூக்கம் மட்டும் குணமாக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 50 ஆக்கினேன். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்துகளில் அது ஒன்று. தாயின் அளவோடு ஒப்பிட்டுக் குழந்தைக்குப் போவது பத்து சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பொதுவாக ஏற்கலாம் என்பார்கள். செர்ட்ரலின் அதைவிட வெகு கீழே நிற்கும். மாத்திரை சாப்பிட்டால் பாலை நிறுத்த வேண்டும் என்று நினைத்து எத்தனையோ பேர் மாத்திரையை மறைக்கிறார்கள் அல்லது பாலை விடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. இரும்பு மாத்திரையும் எழுதினேன். மனநல மருத்துவருக்கும் உளவியல் ஆலோசகருக்கும் கடிதம் கொடுத்தேன். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் மறுபடி வந்தால் முதலில் யாரிடம் சொல்வது என்பதைக் கணவர் முன்னாலேயே பேசி முடிவு செய்தோம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555 இருவர் கைப்பேசியிலும் ஏறியது. மருந்துகளும் கூர்மையான பொருட்களும் மாமியார் அலமாரிக்குப் போயின.

அதன் பிறகு

முதல் மூன்று இரவு அவர் ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. கதவுக்குப் பின்னால் விழித்தே கிடந்தார். நான்காம் இரவு தூங்கினார். காலையில் கணவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: "நாலரை மணி நேரம் டாக்டர்."

எட்டாவது வாரம் மதிப்பெண் 12. நோட்டு எழுதுவதை அவராகவே விட்டிருந்தார். ஒன்பதாவது வாரம் இரண்டு மாதத் தடுப்பூசி. குழந்தைக்குக் காய்ச்சல், இரண்டு இரவு யாரும் தூங்கவில்லை, குழந்தை சரியாகக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் வலது மார்பு கல்லாகிச் சிவந்து, அவருக்கு 38.6 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். மார்பு அழற்சி. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, அதே மார்பில் பால் கொடுப்பதைத் தொடரச் சொன்னேன். மதிப்பெண் மறுபடி 14-க்கு ஏறியது. "எல்லாம் போச்சு டாக்டர்" என்று அழுதார். தூக்கம் போன இரண்டே இரவில் மனம் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை அந்த வாரம் அந்தக் குடும்பமே பார்த்தது. மாமியார் இரவுப் பொறுப்பை இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் நீட்டிக்கொண்டார். பத்து நாளில் நிலைமை திரும்பியது. பன்னிரண்டாவது வாரம் மதிப்பெண் 8. பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம்.

98 நாள் மகப்பேறு விடுப்பு முடிவதற்கு முன்பே வேலையைப் பற்றிப் பேசினோம். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் 98 நாள். முன்பு 60 தான். அந்தப் பழைய கணக்கில் இவர் ஒன்பதாவது வாரத்தில், மார்பு அழற்சியோடு, வேலைக்குத் திரும்பியிருப்பார். இரவு ஷிப்ட் கூடாது என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். நிறுவனம் மூன்று மாதத்துக்குப் பகல் வேலை மட்டும் கொடுக்க ஒத்துக்கொண்டது. வேலையிடத்தில் ஒரே ஒருமுறை பம்ப் வைப்பது, மீதிக்குப் பால்மாவு, வீட்டில் காலையும் இரவும் தாய்ப்பால் என்று அவரே முடிவெடுத்தார். முழுத் தாய்ப்பால் ஆறு மாதம் என்பது அவர் போட்டுவைத்திருந்த இலக்கு. "அது இல்லாட்டியும் பரவால்ல டாக்டர், ராத்திரி எங்கிட்ட குடிச்சாப் போதும்" என்றார். முன்பு இதே பெண் எம்எல் கணக்கில் தன்னை அளந்துகொண்டிருந்தார்.

ஐந்தாவது மாதம் மதிப்பெண் 4. அறிகுறிகள் அடங்கியபின்னும் குறைந்தது ஆறு மாதமாவது மாத்திரை தொடர வேண்டும், திடீரென நிறுத்தக்கூடாது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு மெல்லக் குறைக்கலாம் என்று மனநல மருத்துவரோடு பேசி வைத்திருக்கிறோம். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்தில் மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் அவர் கோப்பில் இப்போதே ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன்: கர்ப்பத்தின்போதே எடின்பரோ அளவுகோல், பிரசவத்துக்கு முன்பே இரவு யார் பொறுப்பு என்ற பட்டியல், இரண்டாம் வாரத்தில் தாயைத் தனியாகப் பார்ப்பது, மேல்பாலும் பம்ப்பும் தேவைப்பட்டால் அவை முடியும் தேதி. பட்டியலில் முதல் பெயராக மாமியார் தன் பெயரை எழுதச் சொல்லிவிட்டார்.